பத்தாண்டு கூடலாம், குறையலாம்

எங்கள் உறைபெட்டியின் மூன்றாம் தட்டில்
வேறெதையும் வைக்க விட்டதில்லை அப்பா.
மேலே கிரான்பெர்ரி, நடுவில் மீன்.
அடியில்
வெள்ளித்தாள் சுற்றிய ஒரு முழம் சேறு.

டார்ட்டு நகரத்தில் முப்பத்தெட்டு வருடம்
சதுப்பு நிலத்தைப் பாடமாக நடத்தியவர்
இல்மார் கூசிக்.
ஓய்வுபெற்ற பின்னும் வியாழன் தவறாமல்
ரப்பர் பூட்ஸ், ரொட்டி, துளைக்கோல், புறப்பாடு.
பாசி பாசியின்மேல் படுத்து
ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் உயரும் என்பார்,
தன் பிள்ளை வளர்த்தியைச் சொல்வதுபோல.
என்றோ பூத்த பிர்ச் மரத்தின் மகரந்தம்
நுண்ணோக்கியின் அடியில்
நேற்று உதிர்ந்ததாக விழிக்கும்.

வீட்டில் அவர் பேராசிரியர் இல்லை.
அம்மா ஹெல்யுவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை.
காலையில் மூன்று தலைகளுக்கும்
அவர்தான் பின்னல் போடுவார்,
மண் மாதிரியைக் கட்டுகிற அதே இறுக்கத்தில்.
பள்ளிப் படங்களில் நாங்கள் மூவரும்
புருவம் ஏறி வியந்து நிற்பதற்கு
வேறு காரணம் கிடையாது.
கோபம் வந்தால் கத்தமாட்டார்.
கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவுவார்.

அம்மா உறங்கும் பகல்களில்
வீடு விரல்நுனியில் நடந்தது.
தொலைபேசியை இரண்டு தலையணைகளுக்கு நடுவே
புதைத்து வைத்திருப்பார்.
அப்படி ஒரு பகலில்
தலைநகரத்திலிருந்து ஏழுமுறை மணியடித்து
பஞ்சுக்குள்ளேயே ஓய்ந்துபோனது
ஆய்வுக்கழகத்தின் தலைமைப் பதவி.
அவர் இதைச் சொன்னதே இல்லை.
அந்தப் பதவியில் போய் அமர்ந்தவர்,
அவரோடு இருபது வருடம் பேசாதிருந்த
கிழவர் வோல்டெமார்,
அடக்கத்தன்று என் கையைப் பிடித்துச் சொன்னார்:
"எட்டாவது முறை அடித்திருந்தால்
என் வாழ்க்கை வேறு, அம்மா."

ஏப்ரல். பைன் மரங்களுக்கடியில் இன்னும் பனி.
வழக்கப்படி ஆளுக்கு மூன்று கைப்பிடி மண்.
முதலில் வந்த மாணவர்,
அவருக்கே இப்போது வழுக்கை,
மண்ணை அள்ளினார். போடவில்லை.
கட்டைவிரலால் தேய்த்தார்.
மூக்கருகே கொண்டுபோனார்.
அவருக்குப் பின்னால் நின்றவரும் தேய்த்தார்.
அதற்குப் பின்னால் நின்றவளும்.
நாற்பது பேர், கறுப்புக் கோட்டுகளில்,
ஒருவரும் பேசாமல்
குழிமேட்டு மணலைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார்.
அக்கா மைரேதான் முதலில் சிரித்தாள்.
பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை,
அதுவே அழுகையாகும் வரைக்கும்.

இந்த இலையுதிர் காலத்தில் பழம் அதிகம்.
உறைபெட்டியில் இடமில்லை.
"அந்தச் சேற்றை இனி எறிந்துவிடலாமா?"
என்று கேட்டபடி அம்மாவே தாளைப் பிரித்தாள்.

கறுத்த, உறைந்த தண்டு.
அதன் உடம்பில் குத்திய குண்டூசிகளில்
அவருடைய குட்டிக் கையெழுத்து.
அடியில் ஓர் ஊசி: 'ஹெல்யு, பேருந்து நிலையம்.'
அதற்கு மேலே மைரே. பிறகு கியுல்லி.
என் ஊசி, ரேட், விளிம்புக்கு அருகில்,
பாசி இன்னும் பாசியாகவே இருக்கும் இடத்தில்.
தாளின் உள்பக்கத்தில் பென்சிலால்:
'எடுத்த நாள்: நான் ஓய்வுபெற்ற மறுநாள்.
பிழை: பத்தாண்டு கூடலாம், குறையலாம்.'

அந்தக் கணக்கில்
அக்காவுக்கு முன்பே நான் பிறந்திருக்கலாம்.
பேருந்து நிலையத்தில் அம்மாவைப் பார்க்கும் முன்பே
எங்கள் மூவருக்கும் அவர்
தலை பின்னிவிட்டிருக்கலாம்.

எண்பத்திரண்டு வருடம் வாழ்ந்தார்.
எட்டு சென்டிமீட்டர், சொச்சம்.
என் நடுவிரலை வைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.
ஊசி ஒன்றும் நகராமல் தாளைச் சுற்றினாள்,
பச்சைக் குழந்தையைத் துணியில் சுற்றுகிற மடிப்பு அது,
தாதிகளுக்கு மறக்காது.
பழக்கூடையை என்னிடம் நீட்டி
"பக்கத்து வீட்டில் கேட்டுப் பார்" என்றாள்.

படியிறங்கும்போதுதான் தோன்றியது:
அந்தத் தண்டை எடுத்த நாளுக்குப் பிறகு
அவர் வாழ்ந்த பதினேழு மில்லிமீட்டர்
இந்த உறைபெட்டியில் இல்லை.
அது அங்கேயே கிடக்கிறது,
ஈரமாக,
மேலே ஒரு வருடம் ஏற்கெனவே படிந்து.