பத்து நிமிடப் பெட்டி

கணினியை ஒழுங்காக அணைத்துவிட்டு
எழுந்து போகும் வரை தாங்கினால் போதும்.
யாரோ எந்த ஊரிலோ அப்படி நினைத்துத்தான்
இந்த யு.பி.எஸ்ஸைச் செய்திருக்கிறார்கள்.
உள்ளே அரைச் செங்கல் அளவில் ஒரு பேட்டரி.
எங்கள் கப்வேயில் மின்சாரம் போனால்
பதினேழு மணி நேரம் வராது.

கரீபா அணை வற்றிவிட்டதாம்.
என் முட்டைகளுக்கு அது தெரியாது.
நாற்பத்தெட்டு முட்டைகள்.
ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறு பக்கம் சுழி,
பென்சிலால் நான் போட்டது.
நாளைக்கு மூன்று முறை புரட்ட வேண்டும்.
முப்பத்தேழரை டிகிரி. அதில் பேரம் கிடையாது.

போன அடையில் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை.
உடைத்துப் பார்த்தேன்.
அதை எழுதப் போவதில்லை.

கொழுந்தன் கபெம்ப்வா மினிபஸ் பேட்டரியைக்
கடன்காரனை இழுத்து வருவதுபோல் கொண்டுவந்தான்.
வண்டியின் எஞ்சின் செத்துவிட்டது, இதற்கு உயிர் இருக்கிறது.
'பாதிக்கு மேல் ஈயம், அதான் இந்தக் கனம்' என்றான்.
ஈயத்தைப் பற்றி எங்களிடமா சொல்கிறான்.
மூடிய சுரங்கத்தின் கறுத்த கழிவுமேடு
சமையலறை ஜன்னலில் தெரிகிறது.
ஆகஸ்டில் காற்று அங்கிருந்துதான் வரும்.
மகள் தெம்வாவின் விரலில் குத்தி
ரத்தத்தில் எவ்வளவு என்று எழுதிக் கொடுத்த சீட்டு
பைபிளுக்குள் இருக்கிறது.
தோண்டிப் போனவர்கள் எதையும் ஈயவில்லை,
இதை மட்டும் விட்டுப் போனார்கள்.
'சரி, ஒரு நாளாவது நமக்கு வேலை செய்யட்டும்' என்றேன்.

சிவப்புக்குச் சிவப்பு. கறுப்புக்குக் கறுப்பு.
பழைய ஒயர் மெலிசு, உருகிவிடும் என்று
வெல்டிங் கடை லுபாசி தடித்ததைக் கொடுத்தான்.
நடுவில் ஒரு ஃப்யூஸ் போடச் சொன்னான்.
வீடு எரிந்தால் தன் பெயரை இழுக்காதே என்றும் சொன்னான்.
கடைசி முனை தொட்டதும் நீலமாய் ஒரு பொறி.
கபெம்ப்வா கடவுளைக் கூப்பிட்டான்,
கடவுள் கேட்கக் கூடாத ஒரு வார்த்தையும் சேர்த்து.

பத்து நிமிடம் தாண்டியது. ஒரு மணி. மூன்று மணி.
பெட்டிக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.
முடிந்தது முடிந்தது என்று
மூன்று நொடிக்கொரு தரம் கத்திக்கொண்டே இருந்தது.
முதுகு வேறு கொதித்தது.
இவ்வளவு நேரம் உழைக்க
யாரும் அதைப் பழக்கவில்லை.
மூடியைக் கழற்றி, செத்த கணினியின் விசிறியை
டேப் போட்டு ஒட்டினோம்.
கத்தலுக்கு மருந்து குறடு.
பொத்தான் அளவு ஒரு கறுப்புத் துண்டு, ஒரே வெட்டு.
வீடு தூங்கியது.

மின்சாரம் எட்டிப் பார்க்கும் நேரத்தில்
இந்தப் பெரிய வயிறு நிரம்பாது.
அண்டாவுக்குத் தேக்கரண்டியால் தண்ணீர்.
ஆகவே டிவி கிடையாது. தெம்வாவின் பாடத்துக்கு
ஒரு விளக்கு, அரை மணி.
பக்கத்து வீட்டு மிஸஸ் சியாமே போனுக்கு சார்ஜ் கேட்டாள்.
இல்லை என்றேன். இரண்டு நாள் வணக்கம் இல்லை.
பேட்டரி விடும் வாயுவுக்கு ஜன்னல் திறக்க வேண்டும்,
திறந்தால் மேட்டுத் தூசி.
ஈரத் துணி கட்டித் திறந்தேன்.
வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

இருபதாம் இரவு, விடியலுக்கு முன்,
கீச்.
எழுந்து உட்கார்ந்தேன்.
கத்தலை அறுத்தவள் நான்தானே,
இனி எது கத்துகிறது?
இருட்டில் பெட்டியின்மேல் காதை வைத்தேன்.
விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.
கீச். என் முதுகுக்குப் பின்னால்.
டார்ச் அடித்தேன்.
ஒரு முட்டை, யாரும் புரட்டாமல், அசைந்தது.
பெருக்கல் குறியின் ஒரு காலை ஒட்டி
பென்சில் போடாத இன்னொரு கோடு.

இருபத்தொன்பது பொரித்தன.
பத்தொன்பது இல்லை.
ஒரு குஞ்சை மிஸஸ் சியாமேவுக்குக் கொடுத்தனுப்பினேன்.
கால் மணியில் வாசலில் நின்றாள்,
ஒரு கையில் குஞ்சு,
மறு கையில் போனும் சார்ஜரும்.