மூன்றாம் தொட்டி

ஆவணி. குளம் பிளந்து கிடக்கிறது.
பவுசர்காரன் சுகுணதாசன்
லீற்றருக்கு விலை சொல்லிக்கொண்டு கேற்றில் தட்டுகிறான்.

உள்ளே நெல் அவிந்து இறங்குகிறது.
ஊறல் தண்ணி மஞ்சள், புளித்த வாடை.
கையை விட்டால் இரவுச் சோற்றிலும் மணக்கும்.
போன வருசம் வரைக்கும்
இதை றோட்டோரக் கானுக்குள் திறந்துவிட்டோம்.
இருட்டில்தான்.
கிணறு நாறுது என்று
விசுவமடுச் சனம் போத்தலில் கொண்டுவந்து
மேசையில் வைத்தபோது
முதலாளி மூடியைத் திறக்கவில்லை.
நான் திறந்தேன்.

இப்போது மூன்று தொட்டி.
முதலாவதில் மண்டி படியும்.
இரண்டாவதில் சுண்ணாம்பு,
இரவு முழுக்க இருமுகிற ஒரு காற்றூதி.
மூன்றாவதுக்குப் போக முன்
எங்கள் அடுப்பின் உமிச்சாம்பலுக்குள்ளால் இறங்கும்.
நெல்லின் அழுக்கை நெல்லின் கரியே பிடிக்கும்
என்பதை நம்ப எனக்கு ஆறு மாதம் எடுத்தது.
இன்னும் முழுக்க இல்லை.

தெளிந்ததில் பாதி திரும்ப ஊறலுக்கு.
மிச்சம் மாட்டுப்புல்லுக்கு.
கிழமைக்கு ஏழு பவுசர் வந்தது, இப்போது மூன்று.
சுகுணதாசன் என்னோடு கதைப்பதில்லை.

இன்று விடியத் தாளைத் தோய்த்தேன்.
நிறம் ஏறவில்லை. ஐந்தரை. அனுப்ப ஏலாது.
திரும்பினால் தொட்டி விளிம்பில் இரண்டு மயில்,
கழுத்தை நீட்டியபடி.
எட்டுக் கட்டைக்கு வேறு தண்ணி இல்லையென்று
அவற்றுக்கும் தெரியும், எனக்கும்.

தடியை எடுத்தேன்.

பதிவேட்டில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
ஒருநாளும் நிரப்பாதது.
எழுதினேன்:
மயில் இரண்டு. கலைத்தேன்.
என் போத்தல் தண்ணியைச் சட்டி மூடியில் ஊற்றி
வேலியடியில் வைத்திருக்கிறேன்.
தொட்டி, நாளைக்குத் திரும்பப் பார்க்கவேண்டும்.