கடைசி இலக்கம்

நான்கு மணிக்கே வில்னிஸ் கதவைத் தட்டிவிட்டான்.
"காற்று விழுந்துவிட்டது. வா."

ஒரு பக்கம் பால்டிக், மறுபக்கம் ஏரி,
நடுவில் கயிறு கிடப்பதுபோல் மணல்.
அக்டோபரில் தெற்கே போகிற எதுவும்
இந்த இடுக்கில்தான் நுழைந்தாக வேண்டும்.

தலைவிளக்கின் வெளிச்சத்தில்
வலை தெரியவில்லை.
இருட்டிலேயே காய்த்ததுபோல்
குருவிகள் மட்டும் தொங்கின.

முதலில் கால். பிறகு சிறகு. தலை கடைசியில்.
ஸ்கைத்ரீதெயின் விரல்களுக்கு அவசரமே கிடையாது.
உள்ளே போன வழி
குருவிக்குத் தெரியும் என்பாள்.

குடிசையில் ஆணிக்கு ஆணி துணிப்பை.
ஒவ்வொன்றும் தானாக அசைகிறது.
எழுதுவது என் வேலை:
இனம், சிறகு நீளம், எடை.
பொன்னுச்சிக் குருவி, ஐந்து கிராம் இரண்டு.
(என் வீட்டுச் சாவி இருபத்தொன்பது.
சும்மா நிறுத்துப் பார்த்தேன்.)
வயிற்று இறகை ஊதி விலக்குகிறாள்:
தோலுக்கடியில் மஞ்சளாய்க் கொழுப்பு,
கடல் தாண்டக் கட்டுச்சோறு.
"மூன்று" என்கிறாள்.
மூன்று என்று எழுதுகிறேன்.
நீலச் சிட்டு ஒன்று போகிற போக்கில்
என் நகக்கண்ணைக் கிழித்துவிட்டுப் போனது.
பதினோராம் பக்கத்தில் அந்தக் கறை இருக்கிறது.

ஏழரைக்கு ஒரு செம்மார்பு ராபின்.
காலில் ஏற்கெனவே வளையம். எங்களுடையதல்ல.
"ஃபின்லாந்து" என்றாள் ஸ்கைத்ரீதெ,
உருப்பெருக்கியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு.
யாரோ ஒருவரின் உள்ளங்கைச் சூட்டில்
முன்பே ஒருமுறை இருந்திருக்கிறது.
இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
நான்கு. பூஜ்யம். ஏழு. ஏழு. ஒன்று.
வில்னிஸ் கதவைத் திறந்தான், காப்பிக் குவளையோடு.

அவ்வளவுதான்.
அவள் கை குவிந்தபடியே இருந்தது,
உள்ளே ஒன்றுமில்லாமல்.

"மூன்றா, எட்டா?"
"வளைவு பார்த்தேன். அவ்வளவுதான் பார்த்தேன்."
"எட்டென்றே போடேன்" என்றான் வில்னிஸ்,
தப்பு செய்தவனின் தாராளத்தோடு.
"பார்க்காததை எழுதாதே."
மதியம் வரை அவள் வாயில்
எண்களைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

அன்று முன்னூற்றுப் பதினாறு.
கறுப்பு ரொட்டி, புகைபோட்ட மீன்,
யாரும் யாருக்கும் உப்பு நகர்த்தவில்லை.
இரவில் காற்று மேற்கே திரும்பியது,
வலைகளைச் சுருட்டினோம்.

பேரேட்டில் அந்தக் கட்டம் காலி.
அதில் இரண்டு ராபின்கள் குடியிருக்கின்றன,
மூன்றில் முடிவது ஒன்று, எட்டில் முடிவது ஒன்று.
ஒன்று எப்போதோ பூனைக்குப் போயிருக்கலாம்.
மற்றது இந்நேரம்
லிதுவேனியாவில் ஏதோ வேலிப்புதரில்
ஈரச் சிறகை உதறிக்கொண்டிருக்கும்.

எது எங்களிடம் வந்தது என்று
அலுவலகம் கேட்டு எழுதினால்
வில்னிஸ் பதில் போடட்டும்.