ஆறாவது கட்டம்

பங்சாரில் மூன்றாம் மாடி.
நோர்ஹலிசா ஓர் அட்டையை
என் முழங்கையோரம் வைத்துப் பார்க்கிறாள்.
பால்வெள்ளையில் தொடங்கி ஆறு கட்டம்.
ஐந்தில் தயங்கி
ஆறில் நிற்கிறது அவள் விரல்.
பள்ளியில் கறுப்பி என்றார்கள்;
எண் பரவாயில்லை.

"லேசருக்குத் தெரிந்தது ஒன்றுதான்,
கருமையைத் தேடிப் போகும்.
உங்கள் தோழி சியூ லிங்குக்கு
முடி மட்டும் கறுப்பு, அதோடு நின்றுவிடும்.
உங்களிடம்
எங்கே நிற்பதென்று அதற்குத் தெரியாது."

தெரியும்.
போன தீபாவளிக்கு முன்
பாதி விலைக்கு ஒருத்தி சுட்ட இடம்
தாடையடியில் இன்னும்
புளியங்கொட்டை அளவுக்கு.
ஆபீசில் சளி என்று சொல்லி
மாஸ்க் போட்டுக்கொள்கிறேன்.

"அந்த மெஷின் வேண்டாம்.
அலை நீண்டது வேறொன்று இருக்கிறது.
முதலில் காதடியில் ஒரே ஒரு புள்ளி,
பிறகு இரண்டு வாரம் பொறுப்போம்."

இரண்டு வாரமா?

"தோல் யோசித்துப் பதில் சொல்ல வேண்டாமா?
அதுவரை நூலும் மெழுகும் கூடாது.
சவரம் செய்யலாம்."

ரயிலில் வரும்போது
காதடியில் கடுகளவு வெப்பம்.
பிரிக்பீல்ட்ஸ் மருந்துக்கடையில்
ரோஜா நிறத்தில் இல்லை;
நீல ரேசர் ஒன்று எடுத்தேன்.

"அண்ணனுக்கா அக்கா?" என்றான் கல்லாப் பையன்.

"எனக்கு."

மீதி நான்கு வெள்ளியை
இரண்டு முறை எண்ணினான்.