டிக்கியின் இடது மூலை

வூஃபர் வாங்கியாயிற்று. எட்டு இன்ச்.
எங்கே வைப்பது என்பதுதான்
மூன்று வாரமாக எனக்கும் ஜெகதாவுக்கும் பேச்சு.

கார் சின்னது. பழசு.
வெள்ளை என்று ஆர்.சி. புக் சொல்கிறது.
விடிய நாலரைக்கு டிக்கியில் ஏழு வாளி இட்லி மாவு ஏறும்.
அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு சுற்றி
மூலக்கடை சேர்வதற்குள்
மூடிக்குக் கட்டிய துணி
தானாக மேலெழும்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அன்வர்தீன்
"முன் சீட்டுக்கு அடியில தள்ளிடலாம் சார்" என்றார்.
தள்ளினோம்.
பெரம்பூர் பாலம் ஏறும்போது
ஜெகதா சொன்னாள்:
"பாட்டு காதுல கேக்கல. இடுப்புல கேக்குது."

பின் சீட்டில் உட்கார வைத்தோம், பெல்ட் மாட்டி.
சிக்னலில் குனிந்து பார்த்த போலீஸ்காரர்
அது பெல்ட் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு
எனக்கு மட்டும் அபராதம் எழுதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்வர்தீன் வித்தையை மாற்றினார்.
"பொட்டிய நீங்க உக்கார்ற எடத்துல வைங்க.
பொட்டி இருக்க வேண்டிய எடத்துக்கெல்லாம்
நீங்க போங்க."

ஸ்டியரிங்குக்கு நேராக முதலாளி போல வூஃபர்.
நான் டிக்கிக்குள் மண்டியிட்டு
ஸ்டெப்னி மேல் காதை வைத்து ஊர்ந்தேன்.
தெருவில் போன பையன்கள் நின்று பார்த்தார்கள்.
நடுவில் காலிக் குடம் உருண்டது.
வலது மூலையில் வெறும் காற்று.
இடது மூலையில், டெயில் லாம்ப்புக்குக் கீழே,
ஒரு சாண் இடத்தில்
ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, முழுதாக,
எண்ணிக் கையில் கொடுத்ததுபோல.

"அங்கதான். மூஞ்சி பின்பக்கம் பார்க்கட்டும்.
கதவுல பட்டுத் திரும்பி வரட்டும்."

அவர் ஒரு கணக்கும் சொன்னார்.
ஆக அடியில் கேட்கிற அந்தச் சத்தத்துக்கு
ஒரு அலை இருபத்தெட்டு அடி நீளமாம்.
என் வண்டி பதினோரு அடி.
முன் பம்பரில் அதன் மூக்கு இருந்தால்
வால், பின்னால் இரண்டு ஆட்டோ தள்ளிக் கிடக்கும்.
வண்டிக்குள் அடங்காத ஒன்றுக்கு
வண்டிக்குள் இடம் தேடியிருக்கிறேன்.

திங்கள் காலை, ஏழு வாளியும் நிறைந்திருக்க
அடி ஒவ்வொன்றும் ஆணி.
ஓட்டேரியில் இரண்டு இறங்கியதும் லேசாகத் தளர்ந்தது.
மூலக்கடையில் எல்லாம் தீர்ந்த பிறகு
நம்பர் பிளேட் பல்லைக் கடிக்க
டிக்கிக் கதவு கூடவே பாடியது, சுருதி இல்லாமல்.

மிருதங்கத்தின் தொப்பிக்கு ரவை அப்புவார்கள்.
எனக்கு, பார்த்தால், அரிசி மாவு.

அன்று முதல் கணக்கு நோட்டு தேவைப்படவில்லை.
திரும்பி வரும்போது எவ்வளவு கேவலமாகக் கேட்கிறதோ
அவ்வளவு வியாபாரம்.
காதும் கல்லாவும் ஒரே நாளில்
சந்தோஷப்பட்டதில்லை.

ஐப்பசியில் ஒரு செவ்வாய்.
பட்டாளத்தில் முழங்கால் தண்ணீர்.
கணேசபுரம் சுரங்கப்பாதையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.
ஒரு கடையும் ஷட்டர் தூக்கவில்லை.
ஏழு வாளியோடு
மேடான ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் ஒதுங்கி
வேறு வேலை இல்லாததால்
பாட்டைப் போட்டேன்.

கடவுளே.

கண்ணாடியில் மழை.
உள்ளே ஒரு ஸ்க்ரூ கூட வாய் திறக்கவில்லை.
ஜெகதா விரல் மடக்கி நஷ்டம் கூட்டிக்கொண்டிருந்தாள்.
நாலாவது விரலில் நிறுத்தினாள்.
குடை பிடித்து இறங்கிப் போய்
டிக்கியைத் திறந்து, இடது ஓர வாளியின் துணியை விலக்கினாள்.

மாவின் மேல், ஒவ்வொரு அடிக்கும்,
நடுவிலிருந்து ஓரத்துக்கு
மெல்லிசாக ஒரு வட்டம்
கரண்டி இல்லாமல் விரிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு இட்லிக்கு ஆகாது" என்றாள்.
"தோசைக்கு ஆகும்.
கொஞ்சம் கூட்டி வை."