எலிப்பல்

வெள்ளிக்கிழமை பேருந்தில் போனவள்
ஞாயிறு மாலை திரும்பி வந்தாள்.
ஈரக் காலணியைக் கழற்றும்போதே
"அம்மா, நம்மகிட்ட எலிப்பல் இருக்கா?" என்றாள்.

எலிப்பல்?

கம்பளத்தில் குப்புறப் படுத்து வாளியைக் கவிழ்த்தாள்.
எஸ்பியர்க் துறைமுகத்துக் காற்று
சன்னலைப் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தது.
ஒற்றைக் குமிழ்ச் சிவப்புக் கட்டையொன்றை
விரல்நுனியில் ஒட்டவைத்து நீட்டினாள்.

அது துளி.
நான்கு வருடமாக அது துளி.
இரட்டைக் குமிழ் என்றால் அண்ணன் தம்பி,
மடங்கும் சாம்பல் துண்டு கொட்டாவி,
பச்சைக் கண்ணாடிச் சில்லுக்கு
அவளுக்குச் சளி பிடித்த வாரம் வைத்த பெயர் மூக்கு.
இந்த அகராதியில் பாதி என் வாயிலிருந்து வந்தது.

"ஏஸ்பன் அப்படித்தான் சொல்வான்."
ஏஸ்பன், ஹென்னிங்கின் புது வீட்டில்
மேல்கட்டிலில் படுப்பவன். ஒன்பது வயது.
நான் பார்த்ததில்லை.
"துளி குடுன்னேன், தண்ணி கொண்டுவந்தான்."

சிரித்தோம்.
நான் கொஞ்சம் தாமதமாக.

"கொட்டாவிக்கு அங்கே என்ன பேர்?"
தித்தெ யோசித்தாள்.
"பேரே இல்லம்மா. அந்த மடங்குறது, அந்த மடங்குறதுன்னே
இருந்திருக்காங்க, பாவம்.
நான்தான் குடுத்துட்டு வந்தேன்."

இரவு துவைக்கப் போட
அவள் காலுறையை உதறினேன்.
ஏதோ தெறித்துக் கதவிடுக்குவரை ஓடியது.
குனிந்து எடுத்தால்
ஒற்றைக் குமிழ், மஞ்சளேறிய வெள்ளை,
எங்கள் வாளியில் இல்லாத நிறம்.

யாரும் கேட்காதபோது
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

எலிப்பல்தான்.