வெள்ளம் அரைக்கிலோ

பங்குனி வெயிலில் பலவான்குடிக்கு வந்தாள்.
மெய்யப்பன் வீட்டு இரண்டாங்கட்டில் குடி.
என்ன வேலை என்று
ஆளுக்கொன்று சொன்னார்கள்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
கையில் ஒரு துணிப்பை,
அதற்குள் மடித்துவைத்த இன்னொரு துணிப்பை.

முதல் நாள்
வரிசை என்று ஒன்று இருப்பதாக நம்பி
கடைக்கு எதிரே ஒதுங்கி நின்றாள்.
ஷாம்புக்கு ஒரு கை, தீப்பெட்டிக்கு ஒரு கை,
அவள் தோளுக்கு மேலும் இடுப்புக்குக் கீழுமாக
நீண்டு நீண்டு வாங்கிப் போயின.
இருபது நிமிஷம்.
பார்க்காதவள் மாதிரி நான் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.
இப்போது நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடைசியில் கேட்டாள்:
"அக்கா, வெள்ளம் அரைக்கிலோ."

வெள்ளமா!
கண்மாய் மூன்று வருஷமாய்
பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிற சீமையில்!
ரைஸ்மில்லுக்குப் போகிற சௌந்திரம்
சிரித்துச் சிரித்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.
"வந்தா எங்களுக்கும் ரெண்டு குடம் சொல்லிவிடு தாயி."
எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள்.
வெல்லத்தை உடைத்து நிறுத்துவிட்டு
மேலே ஒரு துண்டு போட்டேன்.

பேர் கேட்டதற்கு "இல்டிகோ" என்றாள்.
இல்லடியா?
பேரே இல்லையாடி உனக்கு?
ஊர் அங்கேரியாம்.
அங்கே ஏரி இருக்கும்போல என்று
ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தக்காளி வாங்குவாள். ஒன்றே ஒன்று.
இரண்டு வெங்காயம்.
உள்ளங்கையில் சில்லறையைப் பரப்பி
என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்வாள்.
சரியான கஞ்சம் என்று தெருவே முடிவுகட்டியது.
காரம் ஆகாது, பாவம், என்றும்.

வைகாசியில் ஒருநாள்
குண்டு மிளகாயை எடுத்துக் காதருகே குலுக்கினாள்,
காம்பைக் கிள்ளி முகர்ந்தாள்,
"பழசு" என்றாள்.

பழசுதான்.
போன வருஷத்து மூட்டை.
இத்தனை வருஷத்தில் என் முகத்துக்கு நேரே
அதைச் சொன்னது இரண்டே பேர்,
இன்னொருத்தி என் நாத்தனார்.
அவள் ஊரில் வீட்டுச் சுவரெல்லாம்
சரம் சரமாய் மிளகாய் காயுமாம்,
போனில் படம் காட்டினாள்.
புது மூட்டையை அவிழ்த்தேன்.

ஐந்நூறு ரூபாய்த் தாளுக்குச் சில்லறை இல்லாத அன்று
"அப்புறம் குடு" என்றேன்.
அப்புறம் என்றால் எப்போது, எத்தனை மணிக்கு என்றாள்.
அதற்கு நான் என்ன சொல்ல?
நோட்டில் எழுதினேன்:
மெய்யப்பன் வீட்டு வெள்ளைக்காரி, 46.
விளக்கு வைக்கும் முன்னே கொண்டுவந்துவிட்டாள்.
எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஆவணியில் ஒரு காலை
நெரிசலுக்குள் முழங்கை ஒன்று நுழைந்தது.
"அக்கா! எனக்கு முதல்ல! அடுப்புல பால் இருக்கு!"
சௌந்திரத்தையே இடித்துக்கொண்டு.
சௌந்திரம் திட்டினாள், நன்றாக,
நம்ம ஆளைத் திட்டுவது மாதிரி.

போன வெள்ளிக்கிழமை
இரண்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்தது.
"கடையைப் பாத்துக்க" என்று
குடங்களோடு ஓடினேன்.
நான்கு நடை.
திரும்பி வந்தால்
கல்லாவில் காசு சரியாக இருக்கிறது,
புளிமூட்டை மேல் இருந்த பூனையைக் காணோம்,
நோட்டில் புதிதாக ஒரு பற்று.
யாருக்கோ கடன் கொடுத்திருக்கிறாள்.
அவள் எழுத்தில், சாய்வாக, ஒரு பேர்.
பக்கத்தில் 85.

எண்ணை என்னால் படிக்க முடிகிறது.
பேர்தான் தெரியவில்லை.
வேலாயுதமாக இருக்குமோ?
அவனுக்கு ஊரில் யாருமே கடன் கொடுப்பதில்லை.

தினமும் வருகிறாள்,
தக்காளி வாங்குகிறாள், இப்போதெல்லாம் கால் கிலோ.
கேட்டுவிடலாம்.
இன்னும் கேட்கவில்லை.